பாட்டிலில் அடங்குமா ஒரு மூட்டை யூரியா?

கூட்ஸ் ஷெட்டில் யூரியா ரேக் வந்து நிற்கும் நாளில் அங்கு போய்ப் பார்த்தவர்களுக்கு, ரசாயன உரம் என்பது இந்த நாட்டின் முதுகில் எத்தனை பெரிய சுமை என்பது தெரிந்திருக்கும். ஒரு ரேக்குக்கு 42 வேகன்கள். ஏறத்தாழ 2,600 டன் சரக்கு. 45 கிலோ மூட்டைகளாக எண்ணினால் ஐம்பத்தேழாயிரத்துக்கும் மேல். இத்தனை மூட்டைகளையும் ஆட்கள் தோளில் ஏற்றி இறக்கி, லாரியில் அடுக்கி, தாலுக்கா கிடங்குக்கும் அங்கிருந்து சொசைட்டிக்கும் கொண்டுசேர்க்க வேண்டும். மழை தூறினால் தார்ப்பாய்க்கு அலைய வேண்டும். ஒரு மூட்டை நனைந்தால் அது கல்லாகிவிடும்.

இந்த ஐம்பத்தேழாயிரம் மூட்டைகளுக்குப் பதிலாக ஐம்பத்தேழாயிரம் அரை லிட்டர் பாட்டில்கள் போதும் என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? மொத்தச் சரக்கும் 30 டன்னைத் தாண்டாது. ஒரே வேகனில் பாதி இடம் காலியாகக் கிடக்கும். மிச்சம் 41 வேகன்களில் வேறு சரக்கு ஏற்றலாம். கேட்பதற்குத் தேனாக இனிக்கும் இந்தச் செய்தியைத்தான் 2021 மே 31-ம் தேதி இப்கோ கூட்டுறவு உர நிறுவனம் அறிவித்தது. 1967-ல் தொடங்கப்பட்டு, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டுறவுச் சங்கங்களை உறுப்பினராகக் கொண்ட பெரிய ஸ்தாபனம் அது. அதன் குஜராத் கலோல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான 'நானோ யூரியா' என்னும் திரவம், 500 மில்லி பாட்டில் ஒன்றுக்கு ஒரு மூட்டை யூரியாவின் வேலையைச் செய்யும் என்றார்கள். 2022 மே மாதம் பிரதமர் கலோலில் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். அதே ஆண்டு ஜூலையில் பெங்களூர் கிராமாந்தர மாவட்டம் தேவனஹள்ளி அருகிலும் ஒரு தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2023 ஏப்ரலில் நானோ டி.ஏ.பி.யும் சந்தைக்கு வந்துவிட்டது.

நோக்கத்தில் குறை காண இடமில்லை. யூரியாவை அள்ளி வீசுவதால் மண்ணும் நீரும் காற்றும் கெடுகின்றன என்பது யாவரும் அறிந்ததே. போடுகிற யூரியாவில் பயிருக்குச் சேர்வது நூற்றுக்கு முப்பது நாற்பது பங்குதான். மீதியில் ஒரு பகுதி அம்மோனியாவாக ஆவியாகிறது, ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறிக் கிணற்று நீரில் இறங்குகிறது, இன்னொரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாக வானில் ஏறுகிறது. கரியமில வாயுவைப்போல சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. அரசின் பணப்பையும் கிழிகிறது. 2022-23-ல் உர மானியம் மட்டும் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. இந்த நிலையில் சிறிய பாட்டில் ஒன்று பெரிய மூட்டையின் இடத்தைப் பிடிக்குமானால் அதை வரவேற்காதவர் எவரும் இருக்க முடியாது.

பிடிக்குமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. பள்ளிக்கூடக் கணக்குப் போதும்.

கிலோவும் கிராமும்

யூரியாவில் தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன் 46 சதவிகிதம். 45 கிலோ மூட்டையில் 20 கிலோ 700 கிராம். முதலில் வந்த நானோ யூரியாவில் நைட்ரஜன் 4 சதவிகிதம். அரை லிட்டரில் 20 கிராம். ஒரு பக்கம் இருபது கிலோ, மறுபக்கம் இருபது கிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு.

மூட்டை உரத்தில் பெரும்பகுதி வீணாகிறது, பாட்டில் உரத்தில் எண்பது சதவிகிதத்துக்கு மேல் பயிருக்குச் சேர்கிறது என்பது நிறுவனத்தின் வாதம். இருக்கட்டும். எண்பது வேண்டாம், நூறு சதவிகிதமே சேர்வதாக வைத்துக்கொள்வோம். மூட்டையில் முப்பது சதவிகிதம்தான் சேர்கிறது என்று மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்வோம். அப்போதும் மூட்டை கொடுப்பது ஆறு கிலோவுக்கு மேல். பாட்டில் கொடுப்பது இருபது கிராம். முந்நூறு மடங்கு வித்தியாசம் அப்படியே நிற்கிறது.

கோலார், மாலூர் பக்கத்துக் குடியானவருக்குப் புரிகிற மாதிரி ராகியில் சொல்லலாம். ராகியில் புரதம் ஏழு சதவிகித அளவில் உண்டு. புரதம் என்பதே நைட்ரஜனால் கட்டப்பட்டது. ஒரு குவின்டால் ராகியில் ஏறக்குறைய 1 கிலோ 150 கிராம் நைட்ரஜன் அடங்கியிருக்கிறது. ஏக்கருக்குப் பத்து குவின்டால் விளைந்தால் தானியத்தில் மட்டும் பதினொன்றரை கிலோ நைட்ரஜன் வயலை விட்டு வெளியே போகிறது. வைக்கோலில் போவது தனி. ஒரு பாட்டிலில் உள்ள 20 கிராமைக் கொண்டு எத்தனை ராகி விளையும்? இரண்டு கிலோ கூடத் தேறாது. ஒரு சிறு குடும்பத்துக்கு இரண்டு நாள் களிக்கு ஆகும்.

இந்த விமரிசனம் பரவலானதாலோ என்னவோ, 2024-ல் 'நானோ யூரியா பிளஸ்' வந்தது. இதில் சத்து 20 சதவிகிதம். அரை லிட்டரில் 100 கிராம். ஐந்து மடங்கு உயர்ந்திருக்கிறது, உண்மை. ராகிக் கணக்கில் இது ஒன்பது கிலோ ராகிக்கு வரும். மூட்டைக்கும் பாட்டிலுக்கும் உள்ள தூரம் ஆயிரத்திலிருந்து இருநூறாகக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். தவிரவும், 4 சதவிகிதப் பாட்டிலும் ஒரு மூட்டைக்குச் சமம், 20 சதவிகிதப் பாட்டிலும் ஒரு மூட்டைக்குச் சமம் என்றால், இரண்டில் எது தவறு என்று சொல்ல வேண்டிய கடமை சொன்னவர்களுக்கு உண்டு.

'நானோ' என்ற சொல்லில் மயங்க வேண்டியதும் இல்லை. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இலையின் நுண்துளை வழியாக நுழையும்படி உரத்தை 20 முதல் 50 நானோமீட்டர் துகளாக்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். துத்தநாகம் போல நீரில் எளிதில் கரையாத பொருள்களை இப்படி நுணுக்குவதில் அர்த்தம் உண்டு. ஆனால் யூரியா சர்க்கரையைப் போலச் சுலபமாகத் தண்ணீரில் கரைகிற பொருள். ஒரு பிடி யூரியாவை வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் அது மூலக்கூறு மூலக்கூறாகப் பிரிந்துவிடுகிறது. மூலக்கூறு என்பது ஒரு நானோமீட்டரைவிடவும் சிறியது. ஏற்கனவே பொடிப்பொடியாகிவிட்ட ஒன்றை இன்னும் பெரிய துகளாக்கி விற்பதில் என்ன லாபம் என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பதில்லை.

பழைய பம்பும் புதிய பாட்டிலும்

நானோ தெளித்த வயல் பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டதே, கண்ணால் பார்த்தோமே என்று சொல்கிற விவசாயிகள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. இலைமேல் எந்த நைட்ரஜன் கரைசலைத் தெளித்தாலும் சில நாளில் பயிர் நிறம் ஏறும். அதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. நூறு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிலோ சாதாரண யூரியா கரைத்துத் தெளிப்பது. ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் நான்கு கிலோ யூரியா. இதில் உள்ள நைட்ரஜன் 1 கிலோ 840 கிராம். மூட்டை 266 ரூபாய் 50 காசு என்ற விலையில் இந்த நான்கு கிலோவுக்கு ஆகும் செலவு 23 ரூபாய் சொச்சம். நானோ பாட்டில் 225 ரூபாய். தெளிப்புக் கூலி இரண்டுக்கும் ஒன்றே.

தமிழ்நாட்டில் உளுந்து, பயறு விதைக்கும் குடியானவர்களுக்கு டி.ஏ.பி. கரைசல் தெளிப்பது பழகிப்போன காரியம். நான்கு கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் மாலையே தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் தெளிந்த நீரை வடிகட்டி, 200 லிட்டராக்கிப் பூக்கும் தருணத்தில் அடிப்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து, ஊரில் இரண்டு ஏக்கரை இன்னும் விடாமல் வைத்திருக்கும் நம்மவர்கள் பலருக்கு இது தெரியும். 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய் என்றால் நான்கு கிலோவுக்கு 108 ரூபாய். நானோ டி.ஏ.பி. பாட்டில் 600 ரூபாய். அதில் மணிச்சத்து 80 கிராம். ஊறப்போட்ட நான்கு கிலோவில் மணிச்சத்து 1 கிலோ 840 கிராம். அதில் ஒரு பகுதி வண்டலோடு அடியில் தங்கிப்போனாலும் மிச்சம் பல மடங்கு.

மூட்டையின் விலை மானிய விலை, பாட்டிலுக்கு மானியம் இல்லை, ஆகவே ஒப்பிடுவது நியாயமல்ல என்பார்கள். சரி, மானியத்தை நீக்கிவிட்டே பார்க்கலாம். மூட்டையின் உண்மை விலை இரண்டாயிரம் ரூபாய் என்று கொண்டால், நைட்ரஜன் கிலோ நூறு ரூபாய்க்குள் முடிகிறது. பழைய நானோ பாட்டிலில் நைட்ரஜன் கிலோ பதினோராயிரம் ரூபாய்க்கு மேல். புதிய பிளஸ் பாட்டிலில் 2,250 ரூபாய். மண்டிக்குப் போய் வெங்காயம் எடுப்பவர்கூடக் கிலோ விலை கேட்காமல் எடுப்பதில்லை. உரத்துக்கு மட்டும் பாட்டில் விலை கேட்டால் போதும் என்பது என்ன முறை?

வயலில் கண்டது

கணக்கு ஒருபுறம் இருக்கட்டும், வயலில் பரீட்சை செய்து பார்த்தார்களா என்று கேட்பவர்கள் உண்டு. செய்திருக்கிறார்கள். நாடு முழுவதும் 94 பயிர்களில், பதினோராயிரம் விவசாயிகளின் நிலங்களில் சோதித்ததாகவும், சராசரி எட்டு சதவிகிதம் மகசூல் கூடியதாகவும் இப்கோ சொல்கிறது. எண்ணிக்கை பிரமாதம்தான். ஆனால் பதினோராயிரம் வயல்களில் ஒரு பருவம் பார்ப்பதைவிட, ஒரே வயலில் பல பருவம் பார்ப்பதுதான் இந்த விஷயத்தில் முக்கியம். காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. எந்த வயலிலும் பழைய எரு, மக்கிய வேர், முந்தைய உரம் என்று கொஞ்சம் நைட்ரஜன் சேமிப்பு உண்டு. உரத்தைக் குறைத்த முதல் பருவத்தில் பயிர் அந்தச் சேமிப்பை எடுத்துச் சாப்பிட்டுவிடும். மகசூல் குறையாது. பாங்கியில் போட்ட பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு, சம்பளம் இல்லாமலே மாதம் ஓடிவிட்டது என்று சொல்வது போலத்தான்.

லூதியானாவிலுள்ள பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானிகள் இரண்டு ஆண்டு தொடர்ந்து நெல்லிலும் கோதுமையிலும் சோதித்தார்கள். வழக்கமான நைட்ரஜன் உரத்தைக் குறைத்து, அதற்கு ஈடாக நானோ யூரியா தெளித்த வயலில் நெல் மகசூல் 13 சதவிகிதமும் கோதுமை மகசூல் 21.6 சதவிகிதமும் குறைந்தன. அதைவிடக் கவலை தருவது வேறு. தானியத்திலுள்ள நைட்ரஜன் அளவே நெல்லில் 17 சதவிகிதமும் கோதுமையில் 11.5 சதவிகிதமும் குறைந்தது. அதாவது புரதம் குறைந்தது. மகசூல் குறைந்தால் விவசாயிக்குத் தெரியும், தராசு காட்டிக்கொடுத்துவிடும். புரதம் குறைந்தால் யாருக்கும் தெரியாது. ரேஷன் அரிசியையும் ராகியையும் நம்பி வளரும் குழந்தையின் தட்டில் அது சத்தமில்லாமல் குறையும்.

2023-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாக்ஸ் பிராங்க், சோரன் ஹுஸ்டெட் என்ற இருவர், 'பிளான்ட் அண்ட் சாயில்' என்ற ஆராய்ச்சி இதழில் நானோ யூரியாவின் கோரிக்கைகளுக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். வெளிநாட்டார் சொன்னதால் அது வேதவாக்காகிவிடாது. அவர்களுக்கு என்ன அக்கறை என்று கேட்பவர்களும் உண்டு. லூதியானாக்காரர்கள் வெளிநாட்டார் அல்லவே! இந்த நாட்டுக்குப் பசுமைப் புரட்சியைக் கொடுத்த பல்கலைக்கழகம் சொல்வதை ஒதுக்கித் தள்ள முடியுமா?

பஞ்சாபின் வண்டல் மண்ணிலேயே இந்தக் கதி என்றால், கர்நாடகத்தின் கிழக்குப் பகுதி மாவட்டங்களை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோலார், சிக்கபள்ளாபூர், துமகூர் பக்கத்துச் செம்மண்ணில் கரிமச் சத்து குறைவு. எடுத்துச் செலவழிக்கச் சேமிப்பே அதிகம் இல்லாத மண். வானம் பார்த்த ராகிக்கு நல்ல மழை பெய்யும் வாரத்தில் மேலுரம் விழ வேண்டும். அந்த வாரத்தில் பாட்டிலை நம்பி ஏமாந்தால் அந்தப் பருவம் போனதுதான்.

நாட்டின் மொத்தக் கணக்கும் அதே கதையைத்தான் சொல்கிறது. 2022-23-ல் 3 கோடியே 27 லட்சம் நானோ யூரியா பாட்டில்கள் விற்றன. பாட்டிலுக்கு ஒரு மூட்டை என்றால் சுமார் 14 லட்சத்து 70 ஆயிரம் டன் யூரியா மிச்சப்பட்டிருக்க வேண்டும். மிச்சப்பட்டதா? 2021-22-ல் நாட்டின் யூரியா உபயோகம் 342 லட்சம் டன். 2022-23-ல் 357 லட்சம் டன். 2024-25-ல் 388 லட்சம் டன். ஏறிக்கொண்டேதான் போகிறது. 2025 முடிவுக்குள் யூரியா இறக்குமதி நின்றுவிடும் என்று மத்திய அமைச்சராக இருந்த மன்சுக் மாண்டவியா 2024-ல் சொன்னார். நிற்கவில்லை.

மூட்டை வேண்டுமா, பாட்டிலையும் எடு

விவசாயி விரும்பி வாங்கினால் அதில் பிறர் தலையிட ஒன்றுமில்லை. கையில் பணம் இருக்கிறது, வாங்கிப் பார்க்கிறார். ஆனால் நாட்டின் பல பகுதிகளில் நடந்தது அதுவல்ல. யூரியா மூட்டை வேண்டுமென்றால் கூடவே நானோ பாட்டிலும் எடுக்க வேண்டும் என்று கடைகளில் கட்டாயப்படுத்துவதாகப் புகார்கள் குவிந்தன. விற்பனையாளரைக் கேட்டால், மேலே இருப்பவர்கள் எங்கள் தலையில் கட்டுகிறார்கள், நாங்கள் யார் தலையில் கட்டுவது என்கிறார். கடைசித் தலை விவசாயியுடையது. அவருக்குக் கீழே தலை கிடையாது.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் யூரியாவுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழை முன்கூட்டியே வந்தது, மக்காச்சோளப் பரப்பு கூடியது, மூட்டைகள் வந்து சேரவில்லை. சொசைட்டிகளின் வாசலில் விடியற்காலை முதல் வரிசை. கொப்பளத்தில் ஒரு விவசாயி மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு அழுத காட்சியை நாடே பார்த்தது. பற்றாக்குறை என்றால் இதுதான் என்று அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்படி நிற்கிற மனிதரிடம் 225 ரூபாய் பாட்டிலை நீட்டி, இதை எடுத்தால்தான் அது என்றால், வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எவருக்கு வரும்? அதே ஜூலையில் மத்திய விவசாய அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் எல்லா முதலமைச்சர்களுக்கும் கடிதம் எழுதி, மானிய உரத்தோடு நானோ உரத்தையும் ஊக்கிகளையும் கட்டாயமாகச் சேர்த்து விற்பதை உடனே நிறுத்தச் சொன்னார். நல்ல காரியம். ஆனால் கடிதம் டில்லியிலிருந்து ஹோப்ளிக் கடை வரை வந்து சேர எத்தனை பருவம் ஆகும் என்பது வேறு விஷயம்.

ஒரு பொருள் நல்லதென்றால் அதை இன்னொன்றின் வாலில் கட்டி விற்க வேண்டிய அவசியம் என்ன? நாட்டில் கலப்பின விதை வந்தபோது யாரும் கட்டி விற்கவில்லை. பக்கத்து வயலைப் பார்த்து அடுத்த வயல்காரர் தேடிக்கொண்டு போனார்.

தெளிப்பு வேலைக்குக் கூலியாள் கிடைக்காததால் டிரோன் வந்திருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய அரசு பதினைந்தாயிரம் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு டிரோன் கொடுக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கிராமத்துப் பெண்கள் விமானி ஆவது பெருமைக்குரியது; அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. டிரோனில் எதை ஊற்றுவது என்பதில்தான் பிரச்சினை.

யூரியா குறைய வேண்டும்

இதெல்லாம் சொல்வதால் பழைய மூட்டையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று அர்த்தமில்லை. யூரியா குறைந்தே ஆக வேண்டும். குறைப்பதற்குப் பாட்டிலைவிட மலிவான வழிகள் கிராமங்களிலேயே இருக்கின்றன. இந்தப் பக்கத்து ராகிக் காட்டில் அக்கடி சாலு என்று ஒரு முறை உண்டு. சில வரிசை ராகிக்கு ஒரு வரிசை அவரையோ துவரையோ போடுவார்கள். அவரையின் வேரிலுள்ள முடிச்சுகள் காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கின்றன. காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன். அதற்கு மானியமும் வேண்டாம், ரேக்கும் வேண்டாம். ராகியும் வீட்டுக்கு வரும், மார்கழியில் அவரைக்காயும் பெங்களூர் சந்தைக்குப் போகும். டிராக்டர் விதைப்பு வந்த பிறகு வரிசை கலைந்து இந்த முறை அருகிவருகிறது. வயல் வரப்பில் புங்க மரம் நட்டுத் தழை வெட்டிப் போடுவதும் அப்படியே.

நெல்லுக்கு இலைவண்ண அட்டை இருக்கிறது. பச்சை நிறத்தின் பல படிகள் தீட்டிய சிறு பிளாஸ்டிக் பட்டை. இலையை அதன்மேல் வைத்துப் பார்த்து, வெளிறியிருந்தால் மட்டும் யூரியா போடுவது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் உபயோகிக்கலாம். ஒரு முறை வாங்கினால் பல வருஷம் வரும். இந்த அட்டையைச் சொசைட்டியில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? பாட்டிலுக்குச் செய்த விளம்பரத்தில் நூற்றில் ஒரு பங்கை இதற்குச் செய்திருந்தால் மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம் வாய்க்கால் பாசனத்தில் எத்தனையோ மூட்டை மிச்சமாகியிருக்கும்.

நானோ விஞ்ஞானமே வேண்டாம் என்று ஒதுக்குவதும் சரியல்ல. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித் துறையே இயங்குகிறது. கனடா நாட்டின் குவெல்ப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஹெக்சனால் என்ற பொருளைக் கொண்டு மாம்பழம் சீக்கிரம் அழுகாமல் காக்கும் முறையை அங்கு ஆராய்ந்து, கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் சோதித்துப் பார்த்தார்கள். சீனிவாசபுரத்து மாம்பழம் விலை விழுந்து சாலையில் கொட்டப்படும் ஆண்டுகளை அறிந்தவர்களுக்கு அதன் மதிப்புத் தெரியும். நுண்ணூட்டச் சத்துகள் பயிருக்குத் தேவைப்படுவதே கிராம் கணக்கில்தான். அங்கே நானோ பொருந்தலாம். கிலோ கிலோவாகத் தேவைப்படும் தழைச்சத்துக்குக் கிராம் கணக்கு பொருந்தாது.

அரசு செய்ய வேண்டியது அதிகமில்லை. பாட்டிலின் மேல், இதில் நைட்ரஜன் இத்தனை கிராம், மூட்டையில் இத்தனை கிராம் என்று கன்னடத்திலும் தமிழிலும் கொட்டை எழுத்தில் அச்சிடச் சொல்லலாம். 'ஒரு மூட்டைக்குச் சமம்' என்ற வாசகத்தை, பல பருவச் சோதனையில் நிரூபணமாகும் வரை எடுத்துவிடச் சொல்லலாம். ஹெப்பால் விவசாயப் பல்கலைக்கழகம் தன் நிலத்தில் ராகியிலும் நெல்லிலும் ஒரே பாத்தியில் மூன்று நான்கு ஆண்டு தொடர்ந்து சோதித்து, ஆண்டுதோறும் நடக்கும் கிருஷி மேளாவில் முடிவை வெளிப்படையாக வைக்கலாம். சாதகமாக வந்தால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள்.

அதுவரை விவசாயி தாமே ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். வாங்கிவிட்ட பாட்டிலை வீசிவிட வேண்டாம். மொத்த நிலத்திலும் தெளிக்கவும் வேண்டாம். அடியுரம் எல்லா இடத்துக்கும் ஒன்றுபோலப் போட்டுவிட்டு, அருகருகே நான்கு குண்டே நிலத்தைப் பிரித்துக்கொள்வது. ஒரு குண்டேயில் வழக்கமான மேலுரம். இரண்டாவதில் மேலுரம் நிறுத்தி நானோ. மூன்றாவதில் அதே அளவு தண்ணீரில் இரண்டு சதவிகித யூரியா கரைசல். நான்காவதில் வெறும் தண்ணீர். அறுவடையைத் தனித்தனியே அடித்து நிறுத்துப் பார்த்து, அடுத்த ஆண்டும் அதே நான்கு குண்டேயில் அதையே செய்ய வேண்டும். முதல் ஆண்டின் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. கடையில் கட்டாயப்படுத்தினால் பாட்டிலுக்குத் தனி ரசீது கேட்டு வாங்கி, ரைத்த சம்பர்க்க கேந்திரத்திலோ தாலுக்கா விவசாய உதவி இயக்குநரிடமோ எழுதிக் கொடுக்கலாம். ரசீது கேட்டவுடனேயே சில கடைகளில் பாட்டில் மேஜைக்கடியில் போய்விடுவது உண்டு.

எடையைப் பார்க்க வீட்டுத் தராசு போதும். தானியத்தில் உள்ள புரதத்தைப் பார்க்க லேபரட்டரி வேண்டும். மண் பரிசோதனைக்கு மண்ணை வாங்கிக்கொள்வதுபோல, இந்த நான்கு குண்டே ராகியிலிருந்து ஆளுக்குக் கால் கிலோவையும் வாங்கிச் சோதித்துச் சொல்ல விவசாய இலாகா ஏற்பாடு செய்யலாம்.